சேதாரம் எவ்வளவுங்க அண்ணா? ஒரு சேலத்துக் குடும்பத்தின் எட்டு நாள் கடல் விடுமுறை

சேலத்தில் மே மாதம் எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதத்தில் ஊரே ஏற்காட்டைப் பார்த்துப் படையெடுக்கும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி ஊர்ந்து போகும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு ஜோடி 2025 மார்ச் கடைசியில் என் கடைக்கு வந்து, "மே மாசம் வெயில் அடிக்கிற இடமா வேணும்" என்றார்கள். கடைப்பையன் சிரித்துவிட்டான்.

நான் ஐந்து ரோட்டுப் பக்கம் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பெரும்பாலும் நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே வருவார்கள்: துபாய், சிங்கப்பூர், தாய்லாந்து. இவர்கள் அப்படி வரவில்லை. அதனால்தான் இந்த ஒரு கேஸை முழுவதுமாக எழுதி வைக்கத் தோன்றியது. என் தவறுகளும் இதில் இருக்கின்றன.

வந்தவர்கள், கேட்டது

அவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மூத்தவளுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு இரண்டு முடியப் போகிறது. வைகாசி முகூர்த்த ஆர்டர் கையில் இருந்ததால் பட்டறையை விட்டு எட்டு நாளுக்கு மேல் நகர முடியாது. பணம் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை.

வெயில் ஏன் என்று கேட்டேன். இரண்டு வருடம் முன்பு ஜூன் மாதத்தில் கேரளக் கடற்கரையில் நான்கு நாளுக்கு அறை எடுத்திருக்கிறார்கள். நான்கு நாளும் மழை. அப்போது மூன்று வயதாக இருந்த மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாளே தவிர, கால் நனைக்கவில்லை. "மணல்ல குழந்தைங்க விளையாடணும், தண்ணி அமைதியா இருக்கணும், மழை கெடுக்கக் கூடாது. அவ்வளவுதாங்க அண்ணா," என்றார் அந்த அம்மா. முதல் தடவையாக வெளிநாடு போக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. அதை மறைக்கவும் இல்லை.

அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு பேக்கேஜ் தாள் இருந்தது. வேறொரு ஊர் ஏஜென்ட் கொடுத்தது: கொழும்பு, கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை, ஐந்து இரவு. படத்தில் நீலக் கடல், தென்னை மரம், ஊஞ்சல். அடியில் பொடி எழுத்தில் ஜி.எஸ்.டி. 5 சதவீதமும், அதற்கு மேல் டி.சி.எஸ். (பணம் கட்டும்போதே முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி) அப்போதைய 5 சதவீதமும் தனி. டி.சி.எஸ். வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும், சரி. ஆனால் பணம் கட்டும் அன்று அது கையை விட்டுப் போகும். டிக்கெட்டையும் அறையையும் ஒரே இடத்தில் பேக்கேஜாக வாங்கினால்தான் இந்த டி.சி.எஸ். டிக்கெட்டை விமான நிறுவனத்திடமும் அறையை விடுதியிடமும் தனித்தனியாகப் போட்டுக்கொண்டால் இந்தக் கணக்கு வராது. இதைச் சொன்னால் என் தொழிலுக்கே நஷ்டம். இருந்தாலும் சொன்னேன்.

பணத்தை விடப் பெரிய சிக்கல் அந்தத் தாளில் வேறு இருந்தது. மே கடைசியில் பெந்தோட்டை.

கரை எது என்பதுதான் கேள்வி

இலங்கை சின்னத் தீவுதான். ஆனால் நடுவில் மலை இருக்கிறது. உச்சி பிதுருதலாகலை, 2,524 மீட்டர். மே மாதம் தென்மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து மேற்குச் சரிவில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. கொழும்பு, பெந்தோட்டை, காலி எல்லாம் அந்தப் பக்கம். அங்கே மழை மட்டும் இல்லை, கடலும் கொந்தளிக்கும், குழந்தையை இறக்க முடியாது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது காற்றில் ஈரம் இருக்காது. திருகோணமலை, பாசிக்குடா, அறுகம்பே இந்தப் பக்கம். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அங்கே வெயில், கடலும் படுத்துக் கிடக்கும்.

இது நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆடியில் வால்பாறையில் குடை காயாது. மலைக்கு இந்தப் பக்கம் பல்லடத்தில் வெறும் காற்றுதான் மண்ணை வாரி இறைக்கும். அதே கதைதான் அங்கேயும்.

இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற நாடுகளும் தெளிவாகிவிடும். தாய்லாந்தில் புக்கெட் பக்கம் மே முதல் மழைக்காலம், கோ சமூய் பக்கம் அப்போது பரவாயில்லை. மலேசியாவில் கிழக்குக் கரைத் தீவுகளான ரெடாங், பெர்ஹெந்தியானில் மே மாதம் அருமையாக இருக்கும். மாலத்தீவில் மே மாதமே தென்மேற்குப் பருவம் தொடங்கிவிடும், படகுக் கூலியும் டாலரில். பாலியில் ஏப்ரல் முதல் வறண்ட காலம், வெயில் உறுதி. துபாயைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சேலத்து வெயிலிலிருந்து கிளம்பி நாற்பதைத் தாண்டும் வெயிலுக்குப் போக நான் டிக்கெட் போட மாட்டேன்.

ஆக, மே மாதத்துக்கு மூன்று கரை மிஞ்சியது: பாலி, மலேசியாவின் கிழக்குத் தீவுகள், இலங்கையின் கிழக்கு.

அப்போதுதான் பட்டறைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "அண்ணா, இதுல சேதாரம் எவ்வளவுங்க?"

முதலில் புரியவில்லை. கொலுசு செய்யும்போது உருக்குவதிலும் அறுப்பதிலும் ராவுவதிலும் போகிற வெள்ளிதான் சேதாரம். அவர் கேட்டது நேரத்தை. எட்டு நாளில் சாலையிலும் வரிசையிலும் விமானத்திலும் எத்தனை மணி நேரம் ஒழியும்? பதினைந்து வருடமாக இந்த வேலை செய்கிறேன், யாரும் இப்படிக் கேட்டதில்லை. நானாகவும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

போட்டோம். பாலிக்குப் பெங்களூரு விமான நிலையத்துக்கு ஐந்து மணி நேரம், அங்கே மூன்று, விமானத்தில் ஏழு, இறங்கிய பின் ஒன்றரை. ஒரு வழிக்கே பதினாறரை, அதுவும் ஒரே இழுப்பில். வந்து இறங்கியதும் விசாவுக்குத் தலைக்கு ஐந்து லட்சம் ருபியா (இந்தோனேசியப் பணம்), நம் பணத்தில் சுமார் 2,600. மடியில் தூங்கும் குழந்தைக்கும் அதே தொகை. டிக்கெட் விலையைப் பார்த்ததும் அவரே மூடிவிட்டார்.

மலேசியாவுக்கு விசா வேண்டியதில்லை. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விலக்கு, 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். திருச்சியிலிருந்து நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். ஆனால் தீவுக்குப் போக மேலும் ஒரு உள்நாட்டு விமானம், பிறகு வேன், பிறகு படகு. இரண்டு வயதுக் குழந்தையோடு படகுத்துறையில் காத்திருப்பதை நினைத்ததுமே அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டார்.

மிச்சம் திருகோணமலை. அங்கே போக மூன்று வழி.

மூன்று வழியும் ஒரு கப்பலும்

சேலத்துக்குக் காமலாபுரத்தில் விமான நிலையம் உண்டு. உள்நாட்டு விமானம் மட்டும். வெளிநாட்டுக்கு நமக்குத் திருச்சிதான் கிட்டத்தில் இருக்கிறது. நாமக்கல், முசிறி வழியே சுமார் 140 கிலோமீட்டர். பலர் பழக்கத்தில் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓடுகிறார்கள். டிக்கெட்டில் இரண்டாயிரம் மிச்சம் என்று போய், காரிலும் சாப்பாட்டிலும் அதை விட்டுவிட்டு வருவார்கள்.

முதல் வழி, திருச்சி–கொழும்பு விமானம். ஒரு மணி நேரம்தான். ஆனால் கொழும்பிலிருந்து திருகோணமலை ஆறு மணி நேரத்துக்கு மேல். வீட்டை விட்டு இறங்கியதிலிருந்து கூட்டினால் பதினாலரை மணி.

இரண்டாவது, கப்பல். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' கப்பலோடு மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். பட்டறைக்காரருக்கு இதில்தான் ஆசை. கட்டணமும் குறைவு, கப்பலில் போனோம் என்று சொல்லவும் பெருமை. ஆனால் சேலத்திலிருந்து நாகைக்கே ஆறரை மணி நேரம் கார், துறைமுகத்தில் காத்திருப்பு, அப்புறம் கடல். கடல் சரியில்லாத நாளில் கப்பல் கிளம்பாது. எட்டு நாள் மட்டும் கையில் உள்ளவருக்கு அது சூதாட்டம். பெரியவர்கள் மட்டும் என்றால் நானே அனுப்பியிருப்பேன்.

மூன்றாவது, திருச்சி–யாழ்ப்பாணம். இண்டிகோ அந்த மார்ச் 30-ஆம் தேதிதான் அதைத் தொடங்கியது, ஏ.டி.ஆர். சிறு விமானம். ஒரு மணி நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு வவுனியா வழியே ஐந்து மணி நேரம் வேன். கூட்டினால் இதுவும் பதின்மூன்றரை, கொழும்பு வழியை விட ஒரு மணி நேரம்தான் குறைவு. ஆனால் நடுவில் யாழ்ப்பாணத்தில் ஒரு இரவு தங்கிவிடலாம். முதல் நாள் எட்டரை, மறுநாள் ஐந்து. ஒரே நாளில் பதினாலரை மணி நேரம் அலைவதும், இரண்டாகப் பிரித்து அலைவதும் குழந்தைக்கு ஒன்றில்லை. இதைத்தான் எடுத்தோம்.

தேதியில் இருந்த பொறி

அவர்கள் கேட்ட தேதி மே 26 முதல் ஜூன் 2 வரை. பையனின் பிறந்த நாள் மே 28. இரண்டு வயதுக்குக் கீழே என்றால் மடிக்குழந்தை, கட்டணம் கொஞ்சம். இரண்டு முடிந்துவிட்டால் தனி சீட், ஏறக்குறைய பெரியவர் கட்டணம். போகும்போது மடி, வரும்போது சீட் என்று ஆகியிருக்கும். அன்றைக்கு அதைக் கவனித்தது நான் இல்லை, கடைப்பையன். ஒரு வாரம் முன்னால் தள்ளி மே 18 ஞாயிறு போய் 25 ஞாயிறு திரும்புவது என்று வைத்தோம். ஜூன் 2 பள்ளி திறப்பதற்கு முன் ஒரு வாரம் மூச்சு விடவும் நேரம் கிடைத்தது.

பெரியவர்களிடம் பாஸ்போர்ட் இருந்தது, குழந்தைகளிடம் இல்லை. சேலத்தில் தபால் நிலையத்தோடு சேர்ந்த பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே முடிந்தது. சிறுவர்களுக்கு 1,000 ரூபாய், எட்டு வயதுக்குக் கீழே பத்து சதவீதத் தள்ளுபடி, ஆகத் தலைக்கு 900. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோ கையோடு கொண்டு போக வேண்டும். அதை மறந்து ஒரு நடை வீணானது. இரண்டு வயதுப் பையனை வெள்ளைத் துணி முன்னால் நேராகப் பார்க்க வைத்தது இந்தப் பயணத்திலேயே கடினமான வேலை என்று அந்த அம்மா இன்றும் சொல்கிறார்.

இலங்கைக்குள் நுழைய இ.டி.ஏ. என்கிற பயண அனுமதியை ஆன்லைனில் எடுத்தோம். அந்த விதியும் கட்டணமும் சில வருடங்களாக மாறிக்கொண்டே இருந்திருக்கின்றன. கிளம்புவதற்கு முன்பு அரசுத் தளத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிக் கூடுதலாகப் பிடுங்கும் தளங்கள் நிறைய.

போய் வந்தது

யாழ்ப்பாணத்தில் இறங்கிய அன்று மாலை நல்லூர் கோயில், ஐஸ்கிரீம், தூக்கம். மறுநாள் காலை ஏழு மணிக்கே வேன். ஆனையிறவு, கிளிநொச்சி தாண்டி வவுனியாவில் டிரைவர் மூத்தவளுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்து, "இந்தாங்கோ பிள்ளை, கச்சான்" என்றிருக்கிறார். வறுத்த நிலக்கடலை. அங்கே அதற்கு அதுதான் பெயர். மத்தியானம் நிலாவெளியில் இறங்கும்போது அவரே, "இப்ப கச்சான் அடிக்கிற காலம், கடல் குளம் மாதிரிக் கிடக்கும்" என்றாராம். மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றுக்கும் கச்சான் என்றே பெயர். பிள்ளை இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றதை அப்பா வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். நான் மேற்கு மலை, ஈரக் காற்று என்று அரை மணி நேரம் விளக்கியதை அந்த ஊர் ஒரு சொல்லில் வைத்திருக்கிறது.

நிலாவெளியில் ஐந்து இரவு. கரை மெதுவாகச் சரியும், அலை சின்னது. காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை கடல், பிறகு அறை, மறுபடி நான்கு மணிக்கு மணல். இந்த ஒழுங்கு இரண்டாம் நாள்தான் வந்தது. முதல் நாள் உற்சாகத்தில் பதினொரு மணி வரை தண்ணீரில் இருந்து, மூத்தவளின் தோள் இரண்டும் சிவந்துவிட்டன. வெயில் கேட்டு வந்தவர்களுக்கு வெயில் தாராளமாகவே கிடைத்தது. முழுக்கை பருத்திச் சட்டையோடு தண்ணீரில் இறக்குங்கள் என்று நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

திருக்கோணேஸ்வரம் ஒரு காலை. சம்பந்தர் பதிகம் பெற்ற தலம், கடலுக்கு மேல் செங்குத்துப் பாறையில் நிற்கிறது. பழைய கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்தார்கள், இப்போது இருப்பது பிறகு எழுந்தது. குழந்தைகளுக்கு அதெல்லாம் ஒன்றும் இல்லை. கோட்டைக்குள் சுற்றித் திரியும் மான்கள்தான் அவர்களுக்குக் கோணேஸ்வரம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஒரு மணி நேரம். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டரில் புறாத் தீவு, பவளப்பாறை பார்க்கும் இடம். வெளிநாட்டவர் கட்டணத்தையும் படகையும் சேர்த்தால் கை கடிக்கும், இரண்டு வயதுப் பையனுக்கு அங்கே வேலையும் இல்லை. நான் பட்டியலில் வைத்திருந்ததை அவர்களே வெட்டிவிட்டார்கள். நல்லது.

மூன்றாம் நாள் இரவு பையனுக்கு வாந்தி. திருகோணமலையில் ஒரு டாக்டர். எப்போது சாப்பிட்டான், எத்தனை தடவை, சிறுநீர் போனானா என்று அவர் கேட்டதும் இவர்கள் சொன்னதும் எல்லாம் தமிழில். உப்புச் சர்க்கரைக் கரைசல், ஒரு நாள் ஓய்வு, முடிந்தது. இடியப்பமும் பால் சொதியும் தான் அவனைத் தேற்றின. "பாலியா இருந்தா அந்த ராத்திரி நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்று அந்த அம்மா கேட்டார். நான் கரை பார்த்தேன், மணி நேரம் பார்த்தேன், மொழியை ஒரு செலவுத் தலைப்பாகப் பார்த்ததே இல்லை.

மே 24 அன்று கேரளாவில் பருவமழை தொடங்கியது, வழக்கத்தை விட எட்டு நாள் முன்னதாக. செய்தியைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் பதற்றம். அன்றுதான் அவர்கள் நிலாவெளியிலிருந்து கிளம்புகிற நாள். போன் செய்தால், "ஒரு சாயங்காலம் தூறல் போட்டுதுங்க அண்ணா, அவ்வளவுதான்" என்கிறார். பழைய தாளின்படி போயிருந்தால் அந்த வாரம் அவர்கள் தீவின் ஈரமான பக்கத்தில் இருந்திருப்பார்கள்.

கணக்கும் என் பிழைகளும்

அவர் குறித்து வைத்ததை அப்படியே தருகிறேன். அப்போது நம் ஒரு ரூபாய்க்கு இலங்கையில் சுமார் மூன்றரை ரூபாய். விமானம் நால்வருக்கும் போக வர 36,400. திருச்சிக்குக் கார் 9,000. நிலாவெளி அறை 25,000, யாழ்ப்பாணத்தில் இரண்டு இரவுக்கு 7,000. வேன் போக வர 20,000. சாப்பாடு 19,500. ஊருக்குள் சுற்றியது 6,800. பாஸ்போர்ட் 1,800. இ.டி.ஏ., காப்பீடு, சிம், டாக்டர், மருந்து எல்லாம் 9,200. மொத்தம் 1,34,700.

வேன் செலவுதான் என்னை உறுத்துகிறது. நிலாவெளி அறைக்கு ஆனதில் ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு வேனுக்கே போயிருக்கிறது. யாழ்ப்பாணத்திலேயே தங்கி காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போய் வந்திருந்தால் இந்த இருபதாயிரமும் பத்து மணி நேரமும் மிச்சம். அங்கேயும் ஆழமில்லாத கடல்தான். ஆனால் விடுதியிலிருந்து இறங்கினால் மணல் என்ற வசதி இருக்காது, தினமும் வண்டி பிடிக்க வேண்டும். இதை அவர்கள் முன்னால் வைத்துக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை. நிலாவெளி மேல் எனக்கு இருந்த பிரியம் அது.

இரண்டாவது பிழை அறை. கடல் தெரிகிற மாடி அறையாகப் பார்த்து எடுத்தேன். குளிர்பெட்டி இல்லை, கெட்டில் இல்லை. பால் காய்ச்சவும் மிச்சத்தை வைக்கவும் தினமும் சமையலறைக்குப் படி இறங்க வேண்டியிருந்தது. கைக்குழந்தைக்காரர்களுக்குத் தரைத்தள அறைதான் நல்லது, கடல் தெரியாவிட்டால் போகிறது.

மூன்றாவது, வேனில் குழந்தை இருக்கை கேட்டு வைக்காதது. ஐந்து மணி நேரம் பையனை மடியில் கட்டிப்பிடித்தபடி வந்திருக்கிறார்கள். திரும்பும்போது பத்து மணிக்குக் கிளம்பி, உச்சி வெயிலில் வவுனியாவில் நிறுத்தி நிறுத்தி, ஐந்து மணி நேரம் ஆறரை ஆனது. "சேதாரம் கூடிப்போச்சுங்க அண்ணா" என்றார் பட்டறைக்காரர்.

ஆகஸ்டில் மறுபடி வந்தார்கள், இரண்டு மாம்பழ வத்தல் பொட்டலத்தோடு. டிசம்பர் அரையாண்டு லீவுக்கு அதே நிலாவெளி, அதே அறை வேண்டுமாம், மூத்தவள் கேட்கிறாளாம். அறை கிடைக்கும் என்றேன், அதுவும் பாதி விலைக்கு. அந்த மாதம் வடகிழக்குப் பருவக் காற்று, கிழக்குக் கரையில் மழை, கடலில் இறங்க முடியாது, அதனால்தான் பாதி விலை. பையனுக்கும் இப்போது முழு சீட். அப்போ எங்கே போவது என்று கேட்டார். மேசை டிராயரைத் திறந்து, மார்ச்சில் அவர்கள் என்னிடம் விட்டுப்போன பழைய பேக்கேஜ் தாளை எடுத்தேன். கண்டியையும் நுவரெலியாவையும் பேனாவால் அடித்துவிட்டு, பெந்தோட்டையை மட்டும் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தேன்.